பழவேற்காட்டு ஏரியில் இளவேனிற் காற்றும் படகுப் போக்குவரத்தும்

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 35 மைல் தூரத்திலுள்ள பழவேற்காட்டு ஏரியை முதன்முறையாகக் காண்பவர் எவரும் அதனிடத்தில் அச்சங்கொள்ள மாட்டார். நீளத்தில் ஏறக்குறைய 37 மைலும், அகன்ற இடத்தில் 10 மைலுக்கு மேலும் பரந்து, பெரும்பாகம் ஆந்திரப் பிரதேச எல்லைக்குள் கிடக்கும் இந்நீர்நிலையின் நடுவிலே, மனிதர் இடுப்பளவு ஜலத்தில் நின்று வலை இழுப்பதைக் காணலாம். முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளை நீக்கிவிட்டால், பெரும்பாலான இடங்களில் ஆழம் மூன்றடி முதல் ஐந்தடிக்குள் அடங்கும். 'எழுந்து நின்றால் தலை வெளியே தெரியும். இங்கே படகு கவிழ்ந்தால்தான் என்ன?' என்று வெளியூரார் கேட்பதுண்டு. உள்ளூராரிற் சிலரும் அவ்வாறே நினைக்கின்றனர். இவ்வெண்ணம் தவறென்பதையும், சித்திரை வைகாசி மாதங்களாகிய இளவேனிற் காலத்தில் இவ்வேரியில் அபாயத்தை விளைவிப்பது ஆழமின்மையே என்பதையும் விளக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பரிசோதிப்பவனுக்குக் காற்றைப்பற்றி என்ன கவலை என்று வாசகர் வினவலாம். சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய படகு ஏரிக்கடியில் போய்விட்டால், அக்கடனின் தவணையும் அதனுடன் போய்விடுகிறது. படகோட்டியும் போய்விட்டாலோ, அக்கடன் ஒரு விதவையின் தலைமேல் விழுகிறது. பேரேட்டில் அத்தகைய ஒரு பக்கத்தை வாசித்த பிறகே நான் படகோட்டிகளிடம் காற்றைப்பற்றிப் பாடங்கேட்கத் தொடங்கினேன்.

முதலில் ஏரியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஏரி என்று வழங்கினும் இது சமுத்திரத்தோடு உறவுள்ள உப்பங்கழி. இவ்வகையில் நம் தேசத்திலே ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டை என்னும் நீண்ட மணற்றீவு இதனை வங்காள விரிகுடாவினின்று பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. 1806-ஆம் வருஷத்தில் வெட்டத் தொடங்கப்பெற்று, பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயரிடப்பட்ட நீர்வழியும் இவ்வேரியினூடே செல்கிறது. ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகு ஒரு காலத்தில் அவ்வழியாகவே சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்குப் போயிற்று.

ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி, மாசி பிறந்ததும் வற்றத் தொடங்குகிறது. ஆற்று நீர் வருவது நின்றுவிடும். வெயிலால் ஜலம் ஆவியாகும். முகத்துவாரத்தில் மணல் மேடிடும். முகத்துவாரம் அடைபட்டுப்போன வருஷங்களில் ஏரி நீர் சமுத்திர ஜலத்தைக் காட்டிலும் அதிகமாகக் கரிப்பதுண்டு. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்கு ஏரியின் குறுக்கே சாலை அமைந்த பின்னர், அதற்கு வடக்கேயுள்ள பாகம் கோடையில் பெரும்பாலும் வறண்டு, உப்புப் பூத்த சேற்று வெளியாகிவிடுகிறது. ஆகையால் இளவேனிலில் படகோட்டி காணும் ஏரி, தை மாதத்தில் அவன் கண்ட ஏரியன்று. அப்போது ஜலத்துக்கடியில் ஆழத்தில் மறைந்திருந்த சிப்பிப் படுகையும், முறிந்துபோன வலைக்கழிகளின் முனைகளும் இப்போது படகின் அடிப்பலகைக்கு எட்டும்.

இனிக் காற்றின் ஒழுங்கைக் கவனிப்போம். மாசியில் வாடை தளர்ந்துவிடும். அம்மாதத்தில் விடியற்காலையில் மூடுபனி கவிந்து திசை தெரியாமற் போவது ஒன்றே தொல்லை. வெயில் ஏறியதும் அது விலகிவிடும். சித்திரையிலோ நாள்தோறும் இரண்டு காற்றுகள் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று மெல்லென வீசும். ஜலம் கண்ணாடிபோலக் கிடக்கும். வெயில் ஏற ஏற நிலம் சமுத்திரத்தைக் காட்டிலும் விரைவில் சூடடைகிறது. சூடடைந்த நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பச் சமுத்திரத்தின்மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே ஓடிவருகிறது. இதுவே கடற்காற்று. பட்டணவாசிகள் சாயங்காலத்தில் மணலில் உட்கார்ந்து இன்பமாக வாங்குவது இந்தக் காற்றைத்தான். ஏரிப் படகோட்டிக்கு அது வேறு முகங்காட்டுகிறது.

மேல்காற்று ஓய்ந்து கடற்காற்று எழுவதற்குமுன், முற்பகலில் சற்று நேரம் காற்றே இல்லாத ஓர் அமைதி உண்டாகும். புழுக்கம் தாங்காது, பாய் தொங்கும். இந்த அமைதியைக் கண்டு 'இன்று காற்றில்லை' என்று புறப்படுகிறவன் அனுபவமில்லாதவன். அதன்பின் தென்கிழக்கில் ஜலத்தின்மேல் ஒரு கரிய கோடு தோன்றி விரைந்து நெருங்கும். அதுவே காற்றின் முன்னணி. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையில் அது உரத்து வீசி, மாலையில் தெற்காகத் திரும்பி, இருட்டிய பின் தணியும். மேல்காற்று பலமாயுள்ள கடுங்கோடை நாட்களில் கடற்காற்று தாமதித்து வரும். தாமதித்து வந்த நாளில் இனி வராது என்று நம்பியிருந்தவர்கள் நடு ஏரியில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

இக்காற்று ஆழமற்ற ஜலத்தில் என்ன செய்கிறது என்பதே இப்பாடத்தின் முக்கியமான பகுதி. ஒரு தாம்பாளத்தில் ஜலம் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து விசிறியால் பலமாக விசிறிப் பாருங்கள். ஜலம் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அண்டாவில் அவ்வாறே விசிறினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆழமான ஜலத்தில் மேலே தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிவிடும். ஆழமற்றதில் அவ்விதம் திரும்ப இடம் போதாது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். அதே காற்று பாதி ஆழமுள்ள ஜலத்தின்மேல் வீசினால், நீர்மட்டத்தின் சாய்வு இருமடங்காகும். ஆகவே வற்றிய ஏரியில் பிற்பகற் காற்று நீரைத் தென்கிழக்கிலிருந்து ஒதுக்கி வடமேற்குக் கரையில் ஏற்றுகிறது. காலையில் படகு தடையின்றி வந்த வழி பிற்பகலில் தரை தட்டுகிறது.

அலையும் அப்படியே. சமுத்திரத்து அலை நீண்டு உருண்டு வரும்; படகு அதன்மேல் ஏறி இறங்க அவகாசமுண்டு. ஏரியிலோ அடிமண் தடுப்பதால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். ஒன்றிலிருந்து முன்னணி நிமிருமுன் அடுத்தது மேலே விழும். சமுத்திரத்தில் பல வருஷம் போய்வந்த கைகாரரும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய அலையில் படகு மிதந்துகொண்டிருக்கும்வரை பிழைத்தது. தரை தட்டி நின்றுவிட்டால் அலையோடு எழும்ப அதனால் முடியாது. விலாப்பக்கம் திரும்பி, அலைக்கொரு குடமாக ஜலத்தை ஏற்றுக்கொண்டு நிரம்பிவிடும். இறங்கி நிற்கலாமே என்றால், அடியில் இருப்பது மணலன்று, சேறு. முழங்கால் சேற்றில் புதைந்து, மார்பளவு ஜலத்தில், முகத்தில் அலை அடிக்கும்போது நிற்கக்கூடியவர் சிலரே. குழந்தைகளுக்கு அந்த மூன்றடியே போதிய ஆழம்.

இதனை நான் புத்தகத்தினின்று எழுதவில்லை. சில வருஷங்களுக்குமுன் ஒரு சித்திரை மாதத்தில், மேற்குக் கரையிலுள்ள ஒரு சங்கத்தின் தணிக்கையை முடித்துக்கொண்டு நண்பகலில் படகேறினேன். "ஐயா, காற்று மாறப் போகிறது, பொழுது சாய்ந்து போகலாமே" என்று படகோட்டிப் பெரியவர் இரண்டு தரம் சொன்னார். மறுநாட் காலையில் கணக்கு அறிக்கை மேலிடத்துக்குச் சேரவேண்டுமென்று நான் வற்புறுத்தினேன். எங்களுடன் ஒரு மூதாட்டியும் அவள் பேரனும் வந்தார்கள். பாதி வழியில் காற்று பிடித்தது. விசைப்பொறியின் இலை சேற்றில் மாட்டியதும் அதனைத் தூக்கிவிட்டுக் கழியூன்றித் தள்ளினார்கள். ஒரு கழி முறிந்தது. படகு விலாப்பக்கம் திரும்பியபோது பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஜலத்தில் குதித்து முன்னணியைத் தோளால் பிடித்துக் காற்றுக்கு எதிரே திருப்பினார். அவர் மகன் அந்தச் சிறுவனைத் தன் தோள்மீது ஏற்றிக்கொண்டான். நானும் மூதாட்டியும் ஒரு தகரக் குவளையால் மாறிமாறி ஜலம் இறைத்தோம். பிறகு எதிர்த்துப் போவதை விட்டு, காற்றோடு படகை விட்டுவிட்டு, புறப்பட்ட கரைக்கே ஒரு மணி நேரங்கழித்து வந்து சேர்ந்தோம். கணக்குப் புத்தகங்களின் மசி கரைந்துபோயிருந்தது. அதற்குச் சமாதானம் எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது, எழுதினேன். அந்தச் சிறுவனின் பாட்டிக்கு எழுத வேண்டிய சமாதானம் இன்னும் எழுதப்படவில்லை. அன்று பெரியவர் புறப்பட்டது என் உத்தியோகத்துக்கு மரியாதை செய்து என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இளவேனிலில் கவனிக்கத்தக்க மற்றொன்று கோடை இடிமழை. பிற்பகலில் மேற்கே நாகலாபுரம் மலைப்பக்கமாக மேகம் குவிந்து, அதன் உச்சி பட்டறைக் கல்லைப்போல் தட்டையாக விரிந்தால், அங்கே மழை தொடங்கியிருக்கிறது என்று அறிக. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையிற் பட்டு முன்னோக்கிப் பாயும். மழைக்கு முன்பே அது ஏரிக்கு வந்துவிடும். அதுவரை தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று நொடியில் மேற்காக மாறும். வடமேற்கில் ஏறி நின்ற ஜலமும் திரும்பி ஓடும். அவ்வேளையில் பாயை இறக்கிக் கழிகளைக் கிடத்திவிட வேண்டும். வெட்டவெளியான ஏரியில் உயர்ந்து நிற்கும் பொருள் இடியை வாங்கும். புயல் இப்பருவத்தில் அரிது. ஆயினும் 2010-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி 'லைலா' புயல் ஆந்திரக் கரையில் பாபட்லாவுக்கருகே ஏறியதை நினைவில் வைத்திருப்பது நலம்.

பாரத்தைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நிறைபாரத்தில் படகின் விளிம்பு ஜலத்துக்குமேல் ஒரு சாண் நிற்குமானால், ஒரு முழ அலை அதற்குள் விழத்தான் செய்யும். 2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 25-ந் தேதி இப்பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அது இளவேனிற் காலமன்று. ஆனால் படகு காலத்தைக் கேட்டுக் கவிழ்வதில்லை. மிதவை உடை அணிந்திருந்தால் சேற்றில் கால் ஊன்ற வேண்டிய அவசியமே இராது. நமது சங்கங்களின் கடன் மனுக்களை நான் பார்த்தமட்டில், படகு, வலை, விசைப்பொறி என்ற மூன்று இனங்களுக்கே கடன் கேட்கப்படுகிறது, கொடுக்கவும் படுகிறது. மிதவை உடை, நங்கூரம், உபரிக் கழி, இறைக்கும் குவளை ஆகியவற்றை யாரும் கேட்பதில்லை; நாமும் ஏன் கேட்கவில்லை என்று வினவுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த படகோட்டி ஏன் பிற்பகலில் போகிறான்? அவனுக்குப் பாடம் தெரியாமலல்ல. இவ்வேரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்று பிரித்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி முறைவைத்து வலை கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாமல் எல்லாருக்கும் சுற்றிவரச் செய்யும் சிறந்த ஏற்பாடு இது. கூட்டுறவு என்ற சொல் நம் இலாகாவுக்கு வருமுன்னரே அதன் பொருளை அறிந்தவர்கள் இவர்கள். ஆனால் முறை வந்த நாளில் போகாதவனுடைய நாள் போனதுதான். காற்று பலத்திருக்கிறதென்று வீட்டிலிருந்தால் அடுத்த முறைவரை அடுப்பெரியாது; சங்கத்தின் தவணையோ நிற்காது. இவ்விரண்டும் சேர்ந்து அவனை ஜலத்தில் தள்ளுகின்றன.

ஆகவே, காற்றினால் இழந்த முறையை அடுத்த குலுக்கலில் அவனுக்கே முதலில் கொடுக்கலாமென்றும், அம்மாதத் தவணையைச் சங்கம் அபராத வட்டியின்றி ஒத்திவைக்கலாமென்றும் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் பிரஸ்தாபித்தேன். அங்கத்தினர் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். என்னை அன்று கரைசேர்த்த அந்தப் பெரியவரே எழுந்து, "ஐயா சொல்வது சரி, ஆனால் இன்று காற்று அதிகமென்று யார் சொல்வது? சோம்பேறிக்குத் தினமும் காற்றுத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு விடை தெரியவில்லை. வானிலை இலாகாவார் செம்படவருக்கு விடுக்கும் எச்சரிக்கை சமுத்திரத்தைப்பற்றியது. ஏரியின் பிற்பகற் காற்றுக்கு அது போதாது.

நெடுநேர விவாதத்துக்குப்பின் அவரே ஒரு வழி சொன்னார். காலை அமைதி முடியும் வேளையில் மூன்று பெரியவர்கள் படகுத்துறையில் நின்று தென்கிழக்கைப் பார்ப்பது. மூவரும் ஒத்தால் துறைக்கம்பத்தில் சிவப்புத் துணி ஏற்றுவது. துணி ஏறிய நாளில் போகாதவனுக்கு முறை நிற்கும், போனவனுக்குப் பிடித்த இறாலில் பாதி சங்கத்தைச் சேரும். பாதி என்பது அதிகமென்று இளைஞர் சிலர் ஆட்சேபித்தனர்; கால் பங்கு போதுமென்று தீர்மானமாயிற்று. துணி வாங்கும் செலவு தீர்மானப் புத்தகத்தில் சில்லறைச் செலவாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த தணிக்கையில் அதற்கு நான் ஆட்சேபணை எழுதப்போவதில்லை.