ஈற்றெழுத்து விளையாட்டும் மழலையர் எழுத்தறிவும்

மழலையர் வகுப்புக்கான பாடத்திட்டங்கள் மொழித்திறனையும் சமூகத்திறனையும் வெவ்வேறு தலைப்புகளில் வைக்கின்றன. எழுத்தை அறிவது ஒன்று, பிறரோடு இணங்கியிருப்பது மற்றொன்று என்னும் எண்ணம் இப்பகுப்பால் வலுப்பெறுகிறது. தமிழைப் பொறுத்தவரை இப்பகுப்பு பொருந்தவில்லை என்பதை, ஒருவர் சொல்லும் சொல்லின் ஈற்றெழுத்தைக் கொண்டு அடுத்தவர் சொல் தொடங்கும் விளையாட்டின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மழலையர் கல்வி, ஒலியுணர்வு, இரட்டை வழக்கு, மொழிமுதல் எழுத்து, முறை காத்தல்.

இவ்விளையாட்டு யாப்பு நூலார் கூறும் எழுத்தந்தாதியின் எளிய வடிவம். விளையாடும் குழந்தைக்கு இலக்கணம் தெரியாது. ஆயினும் இலக்கணச் சிக்கல்கள் அனைத்தும் அதன்முன் வந்து நிற்கின்றன. ஒரு குழந்தை ‘மயில்’ என்கிறது. ஈற்றில் நிற்பது ‘ல்’ என்னும் மெய். மெய்யெழுத்து தனித்து மொழிமுதல் ஆகாது. பேச்சிலோ அச்சொல் ஒலித்துணை உகரம் பெற்று ‘மயிலு’ என ஒலிக்கிறது. எனவே அடுத்த குழந்தை தயங்காமல் ‘லுங்கி’ என்று தொடரும். லகரம் மொழிமுதல் வாராது என்னும் தொல்காப்பிய விதி அக்குழந்தையைத் தடுப்பதில்லை. ‘லுங்கி’க்குப்பின் ‘கிளி’ வரும். ‘கிளி’க்குப்பின் ஆட்டம் நின்றுவிடும், ‘ளி’யில் தொடங்கும் சொல் எவரிடமும் இல்லை. ‘மரம்’ என்னும் சொல்லின் நிலை இன்னும் நுட்பமானது. பேச்சில் ஈற்று மகரம் மறைந்து உயிர் மூக்கொலி பெறுவதால், எழுத்தில் உள்ள ‘ம்’ குழந்தையின் காதில் விழுவதே இல்லை.

ஆட்டம் நிற்கும் இவ்விடமே கவனத்திற்குரியது. ஈற்றெழுத்துக்குச் சொல் இல்லையெனில் அதற்கு முந்தைய எழுத்தைக் கொள்ளலாமா, ‘ளி’க்கு ‘லி’ தகுமா, முறை அடுத்தவருக்குப் போகுமா என்பவற்றைக் குழந்தைகள் தாமே பேசி முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுக்கு வர, சொல்லை அசையாகவும் ஒலியாகவும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். ஒலியைப் பற்றிய வாதமும் நேர்மையைப் பற்றிய வாதமும் இங்கு ஒன்றே. ஆசிரியர் குறுக்கிட்டு ‘மயிலு அன்று, மயில்’ எனத் திருத்தினால் எழுத்து வழக்கு காக்கப்படும், வாதம் நின்றுபோகும். பேச்சு வடிவில் ஆட்டம் முடிந்தபின் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே தக்க முறை. காதில் கேட்ட உகரம் பலகையில் இல்லாததைக் குழந்தையே காணும். புள்ளியின் பயனும் அப்போது விளங்கும்.

விளையாட்டில் குழந்தை தன் உடனடி விருப்பை அடக்கி விதிக்குக் கட்டுப்படுகிறது என்று உருசிய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் விளக்கினார். ஈற்றெழுத்து விளையாட்டில் அக்கட்டுப்பாடு காதுக்கும் உரியது: முன்னவர் சொல்லை இறுதிவரை கேளாதவருக்குத் தொடர வழியில்லை. 247 எழுத்துகளையும் ஒருங்கே ஒப்பிக்கும் முறையில் இத்தேவை எழுவதில்லை. அறியாத குழந்தையின் வாயசைவு கூட்டுக்குரலில் மறைந்துவிடும்.

திண்ணைப் பள்ளிகளிலும் கூட்டுக்குரல் ஒப்பித்தல் இருந்தது. எனினும் அங்குச் சட்டாம்பிள்ளை இருந்தான். எழுத்தைக் கற்றவன் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூரில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மணலில் எழுதும் பழக்கத்தை அவர் இங்குள்ள பள்ளிச் சிறுவரிடம் கண்டே மேற்கொண்டார்.

இந்திய அரசு 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டத்தின் அங்கன்வாடிகளில் குழந்தைகள் வட்டமாக அமர்வது இயல்பு. 2019இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. அவ்வகுப்புகள் வரிசை இருக்கைக்கு மாறுமாயின், குழந்தையின் கண்முன் தோழரின் முகம் இராது, முதுகே இருக்கும். மதிப்பீட்டுப் பதிவேட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். எத்தனை எழுத்து தெரியும் என்பதுடன், யாருடைய சொல்லைக் கேட்டு எச்சொல்லைத் தொடுத்தது என்பதும் குழந்தையின் பெயருக்கு நேரே குறிக்கப்பட வேண்டும்.