கூட்டம் பெண் சிங்கங்களுடையது

கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியிலோ மசாய் மாராவிலோ சிங்கக் கூட்டத்தின் அருகே சஃபாரி வண்டி நின்றதும் எல்லாக் கேமராக்களும் பிடரி மயிரைத்தான் தேடுகின்றன. ஆண் சிங்கம்தான் தலைவன், மற்றவை அதன் குடும்பம் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

உண்மையில் கூட்டம் பெண்களுடையது. தாய், மகள், பெரியம்மா, சித்தி, பேத்தி என ரத்த உறவுள்ள பெண் சிங்கங்கள் ஒரே நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. ஆண்கள் வெளியிலிருந்து வருபவை. பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்து வரும். சில ஆண்டுகளில் அவற்றைவிட வலுத்தவை வந்து துரத்திவிடும். வந்த கையோடு புதிய ஆண்கள் முந்தையவற்றின் குட்டிகளைக் கொல்லப் பார்க்கும். குட்டிகள் போய்விட்டால் தாய் சீக்கிரமே மறுபடி சினைக்குத் தயாராகிவிடும்.

இங்கேதான் பெண்களின் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து வேட்டையாடத்தான் சிங்கங்கள் கூட்டமாக வாழ்கின்றன என்று பலரும் சொல்வார்கள். 1978 முதல் செரெங்கெட்டி சிங்கங்களை ஆராய்ந்த கிரெய்க் பேக்கரும் அவருடைய சகாக்களும் இரை மட்டுமே காரணமல்ல என்று காட்டினார்கள். குட்டிகளையும் நிலத்தையும் காப்பதுதான் பெரிய காரணம். ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஈன்ற தாய்கள் குட்டிகளை ஒன்றாக வளர்க்கின்றன, வேற்று ஆண் வந்தால் சேர்ந்தே எதிர்க்கின்றன. மல்லாந்து கிடக்கும் ஒரு தாயின் மடியில் பெரிதும் சிறிதுமாகக் குட்டிகள் முட்டி மோதினால், எல்லாம் அதனுடையவை என்று எண்ணிவிடாதீர்கள். அக்காள் தங்கை ஈன்றவையும் அதில் இருக்கும். சஃபாரியில் இதைவிடப் பார்க்கத் தகுந்த காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆண் சிங்கம் வேட்டையாடாது என்பதும் தவறு. புல்வெளியில் நம் கண்ணில் படுவது பெண்களின் வேட்டை. ஆண்கள் அடர்ந்த புதரில் பதுங்கித் தனியே பாய்கின்றன என்பது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் செய்த ஆய்வில் தெரியவந்தது.

பாவம், கழுதைப்புலிக்குத்தான் பெரிய அநியாயம். காலையில் சிங்கம் தின்னும், சுற்றிலும் கழுதைப்புலிகள் காத்து நிற்கும். பார்ப்பவர்கள் திருட வந்தவை என்று முடிவுகட்டிவிடுவார்கள். 1960களில் ஙொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஆய்வாளர் ஹான்ஸ் க்ரூக் அவற்றை இரவிரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பல நாட்களில் இரையை வீழ்த்தியது கழுதைப்புலி, பறித்துக்கொண்டது சிங்கம்.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி நிழலிலேயே வந்து படுக்கிற சிங்கம் மனிதருக்குப் பழகிவிட்டது என்று நம்பாதீர்கள். அது பழகியிருப்பது வண்டிக்கு. யாராவது எழுந்து வெளியே எட்டிப் பார்த்தாலோ கீழே இறங்கினாலோ அந்தப் பழக்கம் செல்லாது. ஓட்டுநர் உட்காரச் சொன்னால் உடனே உட்காருங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.