ஜெல்லை நிறுத்தியதுதான் தப்பு

மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து கிளம்பி, ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் படகேறி, ஒன்பதரைக்குள் எர்ணாகுளம் பிராட்வேயில் இருக்க வேண்டும். துணிக்கடையில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நூறு பேர் என் முகத்துக்கு நேராக நிற்பார்கள். இருபத்தொரு வயதில் தாடை முழுக்கப் பரு என்றால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

டாக்டரைப் பார்த்தேன், சோப்பை மாற்றினேன், ராத்திரி பட்டாணி அளவு அடாபலீன் ஜெல் தடவினேன். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

மூன்றாவது வாரம் மூக்கோரம் தோல் உரிந்தது. பரு குறையாமல் புதிதாகக் கிளம்பியது. அப்போதுதான் பக்கத்துக் கடையில் ஒரு புரோபயாட்டிக் கேப்சூல் டப்பாவைப் பார்த்தேன். 500 கோடி நுண்ணுயிர்கள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "வயிறு சரியானா முகம் தானே தெளியும் மோளே" என்றார் கடைக்காரர். அன்று ராத்திரியே கேப்சூலைத் தொடங்கி, ஜெல்லை நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் தாடையில் கட்டி கட்டியாக வந்து பழுத்தது. வலது கன்னத்தில் ஐந்து குழிகள் இன்னும் இருக்கின்றன.

அடாபலீன் போட்ட புதிதில் தோல் உரிவதும் பரு கூடுவதும் வழக்கம்தானாம். பலன் தெரிய 12 வாரம் ஆகும். இதை முதல் நாளே யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சித்தி இன்றும் "கேப்சூல் வாங்கினதே தண்டம்" என்கிறாள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடலுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்று ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற அமெரிக்க டாக்டர்கள் 1930-லேயே எழுதினார்கள். 1961-இல் சைவர் என்பவர் 300 பேருக்கு லாக்டோபேசில்லஸ் என்ற நுண்ணுயிரைக் கொடுத்துப் பார்த்தார். 80 சதவீதம் பேருக்குப் பரு ஓரளவு குறைந்தது. ஆனால் மாத்திரை கொடுக்காத ஒரு கூட்டத்தை வைத்து அவர் ஒப்பிடவில்லை. அதற்குப் பின் வந்த சிறிய ஆய்வுகளிலும் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. ஆக, இது துணைக்கு வரும். சிகிச்சையின் இடத்தில் உட்காராது. டப்பாவிலேயே பொடி எழுத்தில் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று இருக்கிறது. அப்படிப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விற்றவர் அதைப் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் வாங்குவதானால்:

* டாக்டர் கொடுத்ததை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.
* நுண்ணுயிரின் முழுப் பெயரும் அதன் வகை எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கோடிக் கணக்கு காலாவதி நாள் வரைக்குமா என்றும் பாருங்கள்.
* நம் ஊர்ப் புழுக்கத்தில் வெயில் படும் அலமாரியில் இருந்த டப்பா வேண்டாம்.
* டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால், அதற்கும் கேப்சூலுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
* ஞாயிறுதோறும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். 12 வாரம் கழித்து முடிவு செய்யுங்கள்.

இப்போது காலையில் கேப்சூல், ராத்திரி ஜெல். புதிய கட்டி வந்து நாலு மாதம் ஆகிறது. சித்தி குறை சொல்வதானால் ஜெல்லை நிறுத்திய அந்த ராத்திரியைச் சொல்லட்டும். டப்பாவைச் சொல்ல வேண்டாம்.