தோழிப் பெண்களின் சேலைகள்

மணமகளின் கூறைப் புடவைக்குக் காட்டும் கவனத்தில் காற்பங்குகூட, அவளருகே நிற்கும் தோழிப் பெண்களின் உடைக்கு நாம் காட்டுவதில்லை. கடைசி வாரத்தில் கடைக்கு ஓடி, ஒரே நிறமென்று நம்பி மூன்று சேலைகளை வாங்கி வருகிறோம். பந்தல் வெளிச்சத்திலோ மூன்றும் மூன்று விதமாய்த் தோன்றுகின்றன. இதனைத் தவிர்க்கும் வழி நம் தறியிலேயே உள்ளது.

1. விலை: தோழியர் அனைவரும் ஒத்த நிலையினர் அல்லர். அவரவரே சேலை வாங்கவேண்டுமென்றால், வருவாய் குறைந்த வீட்டுத் தந்தை வெளியே சொல்லாது கடன் வாங்குவார். ஆதலின் அவ்வீட்டாருக்கு இயன்ற விலையையே அனைவருக்கும் உரிய விலையாகக் கொள்ளுதல் முறை. நட்பிற்காக நிற்கும் பெண் ஒருத்தி வட்டிக்கு ஆளாகலாகாது.

2. கரை: உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகப் பிணைக்கப்படும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களும், நெசவாளருடன் ஓர் உதவியாளரும் வேண்டும், கூலியும் நாளும் மிகும். அதனை மணமகளுக்கு வைத்துக்கொண்டு, தோழியர்க்குக் கோர்வையில்லாத சிறுகரைச் சேலை கொள்ளலாம். கோடைத் திருமணமாயின் பருத்தியே உடலுக்கு இதம். பின்னரும் பலமுறை உடுத்தலாம்.

3. பாவு: காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைகளுக்கு வரும். ஒரே பாவில், ஒரே தொட்டியில் சாயமேற்றிய ஊடையைக் கொண்டு நெய்தால் நிறம் பிசகாது. ஒவ்வொரு சேலைக்கும் ஊடையின் நிறத்தை மாற்றினாலோ, உறவு மாறாத மூன்று சாயல்கள் கிட்டும். அவரவர் மேனி நிறத்திற்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம்.

4. காலம்: தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வேலை தடைப்படும். தை மாதத் திருமணத்திற்கு ஆவணியிலேயே சங்கத்தில் சொல்லி முன்பணம் கட்டுக. மழைக்காலத்தில் நெசவாளர்க்கும் தறியில் வேலை இருக்கும்.

5. சோதனை: முந்தானை ஓரத்து நூலிழை ஒன்றைக் கொளுத்துக. பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் வீசும். சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகிக் கெட்டியான மணியாகும். 2004-ல் மத்தியப் பட்டு வாரியம் தொடங்கிய பட்டு முத்திரை, இழை தூய பட்டென்பதற்குச் சான்று; சரிகையின் தரத்தை அது கூறாது. அதனைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குக.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

(அ) நம் ஊரில் வரும் தைத் திருமணங்களுக்கு எத்தனை பாவு தேவைப்படும்?

(ஆ) முன்பணத்தைத் தவணைகளில் பெறச் சங்கம் ஏற்பாடு செய்யலாகுமா?

(இ) தோழியர்க்கு எந்த விலைக்கு மேற்படாத சேலை நெய்து தரலாம்?