எடுக்காத டி.டி.

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதே வருஷம் ஜூலையில் பெங்களூரில் எனக்கு எம்.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைத்தது. பணம் கட்டாமல் விட்டேன். அதன் பிறகு எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

எனக்கு இயற்பியல் ஆசை வந்ததே அந்த மைன்ஸால்தான். நைனா, என் அப்பா, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் பார்த்தவர். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான்காரர்களும் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் இரும்புத் தகடுகளை அடுக்கி, புரோட்டான் சிதைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965இலேயே கண்ட சுரங்கம் எங்களுடையது. “வானத்துலேர்ந்து வர்றதைப் பிடிக்க எதுக்கு நைனா பூமிக்குள்ள போறாங்க?” என்று ஆறு வயதில் கேட்டேன். “மேல சத்தம் ஜாஸ்திடா. கீழ போனாதான் அது ஒண்ணு மட்டும் கேக்கும்” என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

மைன்ஸ் மூடி, நைனாவுக்குக் கணக்குத் தீர்த்துப் பணம் வந்ததும் சொந்தத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். “கோர்ட்ல கேஸ் இருக்கு. ஆறு மாசத்துல திறந்துடுவாங்க. புள்ளைக்கு இங்கயே வேலை. பணத்தைக் கரைக்காதே” என்றார். நைனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டி.டி. எடுக்கும் படிவத்தை நிரப்பி, ராபர்ட்சன்பேட்டை பேங்க் வாசல்வரை போய்த் திரும்பினேன். நீல மையில் என் பெயர், தொகை, தேதி எல்லாம் எழுதிய அந்தத் தாள் இன்றும் என் ஃபைலில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

கணக்கு தெரிந்தவன் நான். ஒரு காலத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்குமேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. விற்கிற விலையைவிட எடுக்கிற செலவு அதிகம். இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் போதும். போட்டுப் பார்க்கவில்லை. நாலு வருஷம் துணிக்கடையில் மீட்டர் அளந்தேன். சொன்ன பெரியவர் தன் மகனை அந்த வருஷமே பெங்களூரில் சேர்த்துவிட்டார். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2005இல் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதினேன், சேர்ந்தேன், முடித்தேன், பி.எட்.டும் ஆயிற்று. என்னைப் போல தினம் பெங்களூருக்குப் போய்ப் படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாரிக்குப்பத்திலேயே ரயில் ஏறிவிடுங்கள், உட்கார்ந்து படிக்கலாம். பங்காருப்பேட்டையில் ஏறினால் நிற்கத்தான் முடியும். சீசன் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இருமும் அப்பனை விட்டுவிட்டு தினம் பெங்களூருக்கு ஓடுகிறான் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் பேசினார்கள். விடியுமுன் எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன்வரை டார்ச் அடித்துக்கொண்டு வந்தவர் அந்த அப்பன்தான். பேசியவர்களில் ஒருவரும் அந்த இருட்டில் எழுந்து பார்த்ததில்லை. நான் போனது சரி. நாலு வருஷம் முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

2013இல் உச்ச நீதிமன்றம் உலக அளவில் டெண்டர் விடலாம் என்றது. மைன்ஸ் திறக்கவில்லை. 2024இல், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய 13 சயனைட் மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மாநில அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த வாரம் என் மாணவன் ஒருவன் வந்து நின்றான். பி.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. “சார், மைன்ஸ் திறக்கப் போறாங்களாம். வீட்டுல கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க” என்றான்.

பணம் கட்டக் கடைசி நாள் எது என்று கேட்டேன். வியாழன் என்றான். புதன்கிழமை விடியற்காலை மாரிக்குப்பம் ஸ்டேஷனில் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.