துடுப்பைப் பிடிக்கும் முன்

அன்புள்ள மருமகளே,

கல்லூரித் தோழிகளோடு நவம்பரில் ரிஷிகேஷ் போகிறாய், கங்கையில் இரண்டு நாள் ராஃப்டிங், நடுவில் ஓர் இரவு முகாம் என்று அக்கா போனில் சொன்னாள். குரலில் பயம் தெரிந்தது. "நீயே வேண்டாம்னு சொல்லிடு" என்றாள். நான் சொல்லப்போவதில்லை. நீ போய்வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் போவதற்கு முன் செய்யவேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் போகக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். ராஃப்டில் அப்படியில்லை. கைடு பின்னால் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக் குரல் கொடுப்பார், திசை திருப்புவார். படகுக்கு வேகம் தருவது இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் உங்கள் துடுப்புகள்தான். பெரிய அலை எழும்பி வரும்போது முன்வரிசையில் ஒருத்தி பயந்துபோய்த் துடுப்பை நிறுத்திவிட்டால் படகு குறுக்கே திரும்பும். அலையைக் குறுக்கே வாங்கும் படகுதான் கவிழும். ஆகவே உன் தயாரிப்பு உனக்காக மட்டும் இல்லை, கூட உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும்தான்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். அலக்நந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கலக்கின்றன. அதற்குக் கீழேதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை மலைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. கௌடியாலாவில் இறங்கினால் ரிஷிகேஷ் ஏறக்குறைய 36 கிலோமீட்டர். முதல் நாள் சிவபுரி வரை வந்து தங்கிவிட்டு, மறுநாள் மிச்சமுள்ள 16 கிலோமீட்டரையும் முடிப்பது வழக்கமான திட்டம். மழைக்காலத்தில், ஜூலையிலும் ஆகஸ்டிலும், ராஃப்டிங்கை மூடிவிடுவார்கள். நவம்பரில் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். குளிரும் கடுமையாக இருக்கும்.

நுரை கொந்தளிக்கும் இடங்களை அங்கே 'ரேபிட்' என்பார்கள். பக்கத்து ஓடைகள் வெள்ளக்காலத்தில் உருட்டிவந்து கொட்டிய பாறைகள் ஆற்றை நெருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அவை உண்டாகின்றன. ஒன்று முதல் ஆறு வரை அவற்றுக்குத் தரம் உண்டு. மூன்றில் அலை பெரிதாக இருக்கும், ஆனால் புதியவர்களும் கைடோடு போகலாம். நான்கில் துடுப்பு சொன்ன நொடியில் விழவேண்டும். ஐந்து கைதேர்ந்தவர்களுக்கு. ஆறு என்றால் படகு போகமுடியாத இடம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வழியில் 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'த்ரீ ப்ளைண்ட் மைஸ்' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே பல கைடுகள் புதியவர்களை இறக்கிக் கரையோடு நடக்கவைப்பார்கள். உங்களையும் இறங்கச் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் இறங்கு. தோழிகளில் யாராவது கெஞ்சினால் நீ தடுக்கவேண்டும். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே ரேபிட்டின் குணம் மாறிவிடும். அதை அன்றாடம் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ தாமிரபரணியில் நீந்திப் பழகியவள். அதுவே என் கவலை. நம் ஊர்ப் படித்துறையில் கால் தரையைத் தொட்டதும் எழுந்து நிற்போம். உடம்புக்கு அது பழகிப்போயிருக்கிறது. வேகமாக ஓடும் மலையாற்றில் அந்தப் பழக்கம் உயிரை வாங்கும். பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்திவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் எழமுடியாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே இப்படி நடக்கும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும்வரை எழுந்து நிற்கக்கூடாது.

படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து படு. கால் இரண்டும் ஆறு போகும் திசையில், பாதம் தண்ணீருக்கு மேலே தெரியும்படி இருக்கட்டும். பாறை வந்தால் பாதம் அதை வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நொடியில் மூச்சு தானாகத் திணறி உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வது கடினம், ஆனாலும் மூடவேண்டும். ஓரிரு நிமிடத்தில் திணறல் அடங்கும். அலை முகத்தில் அடிக்கும்போது மூச்சை அடக்கு. இரண்டு அலைக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் மூச்சை இழு. படகுக்கும் பாறைக்கும் நடுவில் மட்டும் இருக்காதே. படகுக்கு முன்னால் மிதந்தால் ஒதுங்கிவிடு. படகின் அடியில் மாட்டிக்கொண்டால் பதறாதே. அடிப்பாகத்தில் கையை ஊன்றி ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போ, விளிம்பு வந்துவிடும்.

கரையிலிருந்தோ படகிலிருந்தோ கயிற்றுப் பையை வீசுவார்கள். பையைப் பிடிக்காதே, அதற்குள் இன்னும் கயிறு மிச்சம் இருக்கலாம். கயிற்றைப் பிடி. தோள்மேல் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிட. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விட வேண்டிய நேரத்தில் விடமுடியாமல் போகும். விழுந்த தோழியை நீ தூக்குவதானால் கையைப் பிடித்து இழுக்காமல் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்துத் தூக்கு.

இவற்றைப் படித்தால் போதாது. உங்கள் கல்லூரி நீச்சல்குளத்தில் இப்போதே பழகு. மல்லாந்து மிதக்கப் பழகு. பிறகு ஏணி இல்லாத பக்கத்தில் காலை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, விளிம்பில் கையை ஊன்றி மேலேறப் பழகு. படகில் திரும்ப ஏறுவது இதே வித்தைதான். துடுப்புப் போடுவதில் கை வலிமையைவிட இடுப்பும் முதுகும்தான் உழைக்கும். ஆகவே தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தெழும் பயிற்சியும் செய்.

துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேல்முனையில் குறுக்குக் கைப்பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியே இருக்கவேண்டும். படகில் பல் உடைவதும் உதடு கிழிவதும் பெரும்பாலும் அந்தக் கைப்பிடி பக்கத்தில் இருப்பவர் முகத்தில் இடிப்பதால்தான். பாறை அதற்குக் காரணமில்லை.

ஜாக்கெட்டை இறுக்கி மாட்டியபின் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல். காது வரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம். ஹெல்மெட் நெற்றியை மறைக்கவேண்டும்.

உடையில் பருத்தி வேண்டாம். நம் ஊருக்கு அது அமிர்தம், அங்கே அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழைச் சட்டையும் லெகிங்ஸும் போதும். மேலே கம்பளி. குதிகாலில் பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ போட்டுக்கொள். வெறும் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். துப்பட்டா, நீளச் சங்கிலி, தொங்கும் கம்மல் எதுவும் வேண்டாம். பின்னலை மடித்துக் கட்டி ஹெல்மெட்டுக்குள் அடக்கு. கண்ணாடிக்கு ரப்பர் பட்டை வாங்கு.

இரவுக்கான துணி தனியாக, முழுக்க முழுக்க உலர்ந்ததாக இருக்கவேண்டும். முகாமுக்கு உங்கள் சாமான் சாலைவழியாக வந்தாலும் சரி, படகில் ஏற்றினாலும் சரி, நீர்புகாப் பையில்தான் வை. பையிலிருந்த காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, வாயைப் பாய் சுருட்டுவதுபோல் மூன்று முறையாவது சுருட்டி மாட்டு. கடைசியில் தேவைப்படுவது அடியிலும், முதலில் தேவைப்படுவது மேலேயும் இருக்கட்டும். கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி காலுறை, தலையில் மாட்டும் டார்ச் ஒன்று. இருட்டில் கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருப்பது நல்லது. மாதவிடாய் நாட்களோடு பயணம் மோதினால் தள்ளிப்போட வேண்டாம், தேவையானதையும் மூடக்கூடிய பை ஒன்றையும் எடுத்துப்போகச் சொல்லி அத்தை எழுதச் சொன்னாள்.

முகாமில் இருக்கும்போது ஆற்றைப் பற்றி இன்னோர் எச்சரிக்கை. பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது. 260.5 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமானது. மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீர் விடுவதால் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் கங்கையின் மட்டம் ஏறி இறங்கும். இருட்டிய பிறகு நீரோரப் பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காதீர்கள். எதையும் கரைவிளிம்பில் வைக்காதீர்கள்.

ஒருகாலத்தில் ஆற்று மணலிலேயே கூடாரம் போட்டார்கள். குப்பையும் கழிவும் ஆற்றில் சேர்ந்ததால், 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் முகாம் கூடாது என்று தடை விதித்தது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. கோடிப்பேர் தீர்த்தம் என்று மொள்ளும் தண்ணீரில் சோப்பு நுரையை விடும் உரிமை நமக்கு இல்லை. மூலிகை சோப்பானாலும் ஆற்றில் இறங்கிக் குளிக்காதே. கொண்டுபோன ஒவ்வொரு உறையையும் திரும்பக் கொண்டுவா.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேள்: கைடுக்கு மாநிலச் சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா, முதலுதவிப் பயிற்சி உண்டா, கூடவே மீட்புக் கயாக் வருமா, முகாம் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக அங்கே போகவேண்டாம். கிளம்பும் முன் கரையில் கைடு சொல்லும் பாடத்தின்போது போனை உள்ளே வைத்துவிடு. ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன் என்று அவர் கத்தினால் நீ யோசிக்கக்கூடாது, உடம்பு செய்யவேண்டும். மது, தோழிகள் யார் கொண்டுவந்தாலும், வேண்டாம். குடித்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியேறும். குளிரும் நீரும் உள்ள இடத்தில் அதைவிட ஆபத்து இல்லை.

கடைசியாக, உண்மையைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல். உனக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. கூச்சப்பட்டு மறைக்காதே. கைடுக்குத் தெரிந்திருந்தால் உன்னை எங்கே உட்காரவைப்பது, உன் இன்ஹேலரை எந்தப் பையில் வைப்பது என்று அவர் முடிவு செய்வார். நீந்தத் தெரியாத தோழி யாராவது இருந்தால் அவளும் முன்கூட்டியே சொல்லட்டும். மருந்துகளை இரண்டு பங்காக்கி இரண்டு படகில் வையுங்கள். ஒரு பை போனாலும் மற்றது இருக்கும்.

உன் உடல்நிலை, மருந்துகள், ரத்த வகை, அக்காவின் போன் எண் இவற்றை இரண்டு தாளில் எழுது. ஒன்றைக் கைடிடம் கொடு. மற்றொன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, முகாமின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் அதன் அடியில் எழுதிவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
மாமா