சைகஸ் செடி: அழகும் உண்டு, விஷமும் உண்டு!



நம்ம பள்ளித் தோட்டத்தில் குட்டைப் பனை மாதிரி நிற்கிறதே, அதன் பெயர் சைகஸ். நர்சரியில் 'சாகோ பனை' என்றும் சொல்வார்கள். ஆனால் அது பனையே இல்லை! பனையும் தென்னையும் பூத்துக் காய்க்கும். சைகஸ் பூக்காது. ஆண் செடியில் கூம்பு வரும். பெண் செடியில் விதைகள் கனிக்குள் மூடப்படாமல் இருக்கும். ஆகவே இது ஊசியிலை மரங்களைப் போல ஒரு திறந்த விதைத் தாவரம். இதன் சொந்த ஊர் ஜப்பானின் தென்பகுதி.

'சாகோ என்றால் ஜவ்வரிசிதானே, இதில் இருந்தா எடுக்கிறாங்க?' என்று கேட்பீர்கள். இல்லை. சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவில்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள்.

வளர்க்கும் முறை:

1. மண்ணில் மணல் கலந்து, வெயில் படும் இடத்தில் நட வேண்டும்.
2. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றணும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.
3. புதுக் குருத்து விரியும்போது தொடக்கூடாது, ஒடிந்துவிடும். சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தின்னும். தினமும் பார்க்கணும்.
4. கீழ் மட்டை பழுத்தால் அதற்கு வயதாகிவிட்டது. புது இலையே மஞ்சளாக வந்தால் மாங்கனீசு சத்துக் குறைவாக இருக்கலாம்.
5. அடியில் வரும் பக்கக்கன்றை வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்து மணலில் நட்டால் வேர் பிடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தச் செடி முழுவதும் விஷம்! விதையில்தான் அதிகம். சைகாசின் என்ற அந்த விஷம் ஈரலைக் கெடுக்கும். நாய் தின்றால் செத்தே போகலாம். வெட்டிய மட்டையை ஆடு மாட்டுக்குப் போடாதீங்க. விதை ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பழம் என்று நினைத்து வாயில் போட்டால் என்ன ஆகும்? யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த விதையையும் கையோடு எடுத்துப் போகணும், டாக்டருக்கு உதவும்.

அதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம். சுற்றிலும் முள்வேலி போட்டு, 'விஷச் செடி, தொடாதே' என்று பலகை வைக்கலாம். விதை தெரிந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லுவோம். பலகையில் எழுத நான் தயார், வேலி போட யார் வர்றீங்க?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி